கொழும்புப் பெட்டியும் ஒரு பாத்தி உப்பும்

ஜூன் 8, சனி

இன்று முள்ளக்காட்டில் கேப்டனுக்கும் நூர்தீனுக்கும் சண்டை. ஒரே ஒரு சுருட்டுக்காக.

நாங்கள் நாலு பேர். கந்தவேலின் உப்பளத்துக் கொட்டகையில் சனிக்கிழமை சாயங்காலம் கூடுவோம். கேப்டன் ரொட்ரிகோ சரக்குக் கப்பல் ஓட்டி ஓய்வு பெற்றவர். நூர்தீனுக்குக் காயல்பட்டினம், துபாயில் வியாபாரம், வருடத்தில் பாதி நாள் இங்கே. நான் துறைமுகத்தில் சரக்கு சர்வேயர். நனைந்த கோதுமையையும் நசுங்கிய பெட்டியையும் பார்த்துச் சேதம் எவ்வளவு என்று சொல்வது என் பிழைப்பு. நாலு பேருக்கும் பொதுவாக இருப்பது சுருட்டுப் பைத்தியம் மட்டுமே.

எங்களுக்குள் விற்பது கிடையாது, மாற்றிக்கொள்வதுதான். ஒருவன் சுருட்டு இன்னொருவனுக்குப் பிடித்துப் போனால், பதிலுக்கு எதைத் தருவது என்று பேசி முடிக்க வேண்டும். மறுநாள் மதியத்துக்குள் யாருக்காவது மனசு உறுத்தினால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அது கேப்டன் போட்ட சட்டம்.

நூர்தீன் கொண்டுவந்த தடியான நிகரகுவா சுருட்டுக்குக் கேப்டன் தன் கியூபா ஒன்றை நீட்டினார். நூர்தீன் போனை எடுத்து விலையைக் காட்டினான். அவனுடையது ஏறக்குறைய இரண்டு மடங்கு.

"போன்ல இருக்க விலைக்கு போன்கிட்டயே வாங்கிக்க," என்றார் கேப்டன். "இது நாலு வருசம் என் அலமாரில தூங்குன சுருட்டு. அந்தத் தூக்கத்துக்கு எவன் விலை போடுவான்?"

"தூங்குனா விலை ஏறுமா கேப்டன்? அப்ப எங்க மச்சானுக்கு நல்ல விலை வரும். பத்து மணி வரைக்கும் எந்திரிக்க மாட்டான்."

கந்தவேல் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. கடைசியில் என்னைக் கேட்டார்கள். நான் இரண்டையும் முகர்ந்து, காதருகே வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, கேப்டன் கூடவே ஒரு திண்டுக்கல் சுருட்டும் தர வேண்டும் என்றேன். இருவரும் முடியாது என்றார்கள். பிறகு இருவரும் சரி என்றார்கள்.

நான் இன்று பற்றவைக்கவில்லை. கடைவாயில் எரிச்சல்.

ஜூன் 10, திங்கள்

பல் டாக்டரிடம் போனேன். பல்லெல்லாம் நன்றாக இருக்கிறதாம். வலது கன்னத்தின் உள்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு. கொஞ்சம் சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். முடிவு வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும்.

சுருட்டை விடச் சொன்னார். "குறைச்சுக்கிறேன்" என்றேன். "நான் குறைக்கச் சொல்லல சார்" என்றார். சின்ன வயதுப் பெண். பார்வை கறார்.

வீட்டில் பியூலாவிடம் சொத்தைப் பல் என்று சொல்லிவிட்டேன். பெரிய விஷயம் ஒன்றுமில்லை.

சாயங்காலம் பைக்குக்கு ஆயில் மாற்றினேன்.

ஜூன் 12, புதன்

சோளக் கப்பல். மூன்றாம் அறையில் ஈரம். மூக்கு வேலை செய்கிறது, வாய்தான் எரிகிறது.

ஜூன் 15, சனி

என் சேகரிப்பில் வேண்டாதது நிறைய. வீட்டில் இடமும் இல்லை. கொஞ்சம் குறைக்கலாம் என்று முடிவு செய்தேன். அவ்வளவுதான்.

கேப்டனின் ஒரு சாதாரண சுருட்டுக்கு என் டொமினிகன் இரண்டைக் கொடுத்தேன். வாங்கியவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வண்டு கிண்டு விழுந்திருக்கால?"

"ஒண்ணும் இல்ல கேப்டன். நல்லாருக்கு."

"பெறகு எதுக்கு ரெண்டு?"

"இடம் இல்ல வீட்டுல."

நூர்தீனுக்கும் அதே மாதிரி. கந்தவேல் மட்டும் எதையும் வாங்கவில்லை. "நீ ரேட்டக் கெடுக்கடே," என்றான். "இன்னைக்கி நீ ஒண்ணுக்கு ரெண்டு கொடுத்தா, நாளைக்கி நான் ஒண்ணுக்கு ஒண்ணு கொடுக்கும்போது கேப்டன் என்னயக் கஞ்சன்னு சொல்லுவாரு."

அவன் சொன்னதில் நியாயம் உண்டு. எங்களுக்குள் இருக்கும் மதிப்பெல்லாம் யாரும் அச்சடித்துக் கொடுத்ததல்ல. பல வருடம் பேசிப் பேசி, கோபித்து, திரும்பி வந்து, தேய்ந்து உருவானது. ஒருவன் அள்ளிக் கொடுத்தால் ஆட்டம் கெட்டுவிடும்.

இன்றும் பற்றவைக்கவில்லை. கையில் ஒன்றை வைத்துக்கொண்டிருந்தேன். யாரும் கவனிக்கவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

பியூலா பிரீசரைச் சுத்தம் செய்தாள். சீலா மீனுக்குக் கீழே என் சுருட்டுப் பொட்டலம் கிடந்தது. வண்டு முட்டை இருந்தால் குளிரில் சாகட்டும் என்று நான்தான் வைத்தது. "இது எப்போ வெளிய போவும்?" என்றாள். வழக்கமாக இதற்கு ஒரு சண்டை வரும். இன்று கேள்வியோடு விட்டுவிட்டாள்.

இப்போதெல்லாம் குழம்பில் காரமே இல்லை. கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் என் நாக்கைத் தீய்த்தவள். கை மாறிவிட்டது போலிருக்கிறது. நானாகச் சொல்லிக் கெடுக்க வேண்டாம் என்று இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூன் 22, சனி

கொழும்புப் பெட்டியைக் கந்தவேலுக்குக் கொடுத்துவிட்டேன்.

பதினாலு வருடம் முன்னால் நானும் பியூலாவும் கொழும்புக்குப் போனபோது வாங்கிய கியூபாப் பெட்டி. வருடத்துக்கு ஒன்று, சில வருடம் அதுவும் இல்லை. பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. கந்தவேல் அதற்காக எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான். தன் அலமாரியையே தருவதாகக்கூடச் சொன்னான். நான் அசைந்ததில்லை.

இன்று கேப்டனும் நூர்தீனும் கிளம்பிய பிறகு பெட்டியை அவன் மடியில் வைத்தேன். பதிலுக்கு அவன் மேசையில் கிடந்த திண்டுக்கல் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

"விளையாடாத," என்றான்.

"விளையாட்டு இல்ல. மாத்தியாச்சு."

அவன் பெட்டியைத் திறக்கவில்லை. மூடி மேலே கை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பைக்கைக் கிளப்பி வந்துவிட்டேன். மனசு லேசாக இருந்தது. அப்படித்தான் நினைக்கிறேன்.

ஜூன் 23, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் கந்தவேல். துண்டில் சுற்றிய பெட்டி கையில். பியூலா "வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டுக் காப்பி போட உள்ளே போனாள். நான் அவனை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனேன்.

"மதியத்துக்கு இன்னும் நேரம் இருக்குல்லா?" என்றான்.

"இருக்கு. ஏன்?"

"எனக்கு உறுத்துது. பெட்டியப் பிடி."

"ஏல, உனக்குத்தான லாபம். லாபம் பாத்தவன் எவனாவது திருப்பிக் கொடுப்பானா?"

"யாருக்கு உறுத்துதோ அவன் திருப்பலாம்னுதான் சட்டம். லாபம் நட்டம்னு கேப்டன் சொல்லல." தண்ணீர்த் தொட்டியின் திண்டில் பெட்டியை வைத்தான். "ஒரு கட்டு திண்டுக்கல்லுக்கு இந்தப் பெட்டியா? நான் என்ன பிச்சக்காரனாடே? இல்ல உனக்குக் கிறுக்கா?"

"இடம் இல்லன்னு சொன்னம்லா."

"இந்தப் பெட்டி வைக்க இடம் இல்லயா?" உள்ளங்கையை விரித்துக் காட்டினான். "எங்க அப்பா ஆசுபத்திரில சேருறதுக்கு முந்தின வாரம், வாட்ச்ச சித்தப்பாவுக்குக் கொடுத்தாரு, ரேடியோவ பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாரு. கேட்டதுக்கு, வீட்டுல சாமான் சேந்துட்டுன்னாரு. மூணு வாரமா நீ ஒண்ணும் பத்தவைக்கல. கையில வச்சு உருட்டுத. நான் பாக்காமலா இருக்கேன்? உனக்கு என்னடே?"

பெட்டியைச் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து நாலாக மடித்தேன். திட்டு, சதை, சோதனை, எல்லாம் சொன்னேன். வியாழக்கிழமை முடிவு என்றேன்.

அவன் சட்டைப் பையிலிருந்த தன் சுருட்டை எடுத்துப் பார்த்தான். எங்கே வைப்பது என்று தெரியாதவன் போலத் திரும்பப் பையிலேயே வைத்தான்.

"மதினிக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீ உளறிராத."

பியூலா காப்பியோடு படியேறி வந்தாள். கந்தவேலின் டம்ளரில் ஆவி பறந்தது. என்னுடையது ஆற்றி, குடிக்கிற சூட்டில் இருந்தது. கந்தவேல் இரண்டு டம்ளரையும் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். "காப்பி நல்லாருக்கு மதினி," என்றான், இன்னும் வாயில் வைக்காமலே.

பெட்டி மறுபடி என் அலமாரியில்.

ஜூன் 25, செவ்வாய்

உரக்கப்பல். வெயில். அறிக்கையில் ஒரு பக்கத்தை இரண்டு தடவை தப்பாக அடித்தேன்.

ஜூன் 27, வியாழன்

அலுவலகத்துக்கு என்று சொல்லிக் கிளம்பினேன். பியூலா நல்ல சேலை கட்டி, கைப்பையோடு வாசலில் நின்றாள்.

"நீ எங்க?"

"நீங்க போற இடத்துக்குத்தான்."

"நான் ஆபீசுக்குல்லா போறேன்."

"சரி, ஆபீசுக்கே வாரேன்."

பைக்கில் பின்னால் உட்கார்ந்த பிறகுதான் பேசினாள். "மே மாசத்துலேந்து இடது பக்கமே மெல்லுதிய. மீன் குழம்பப் பாத்தா பேயப் பாத்த மாரி முழிக்கிறிய. நான் என்ன குருடியா? டாக்டர் சீட்ட சட்டப்பையிலயே வச்சுத் தொவைக்கப் போட்டாச்சு. அதுலயாவது கவனம் இருக்கணும்."

டாக்டர் அறையில் அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது.

புற்று இல்லை.

அந்தச் சின்ன வயது டாக்டர் இரண்டு தடவை சொன்னார், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மூன்றாவது தடவையும் சொன்னார். ஆனால் சுருட்டு இனிமேல் ஒன்றுகூடக் கூடாது. திட்டு மாறுகிறதா என்று வந்து காட்ட வேண்டும். விட்டுவிட்டேன் என்றேன். "பாக்கலாம் சார்" என்றார். பியூலா, "நான் பாத்துக்கிடுதேன் டாக்டர்" என்றாள்.

வெளியே வந்து பேக்கரியில் மக்ரூன் வாங்கினோம். பியூலா ஒரு கையில் மக்ரூனும் ஒரு கையில் கைக்குட்டையுமாகக் கடை வாசலிலேயே அழுதாள். கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். எனக்குக் கண்ணில் தூசி விழுந்தது.

வீட்டில், பிரீசர் பொட்டலத்தை எடுத்துப் போட்டுவிடட்டுமா என்று நானே கேட்டேன்.

"எதையும் போட வேண்டாம். உங்க கூட்டாளிங்களுக்குக் கொடுங்க. ஆனா அந்தக் கொழும்புப் பெட்டிய சும்மா கொடுக்கக் கூடாது."

"ஏன்?"

"கொழும்புல ஒரு நீலச் சேலை பாத்தம்லா. ரெண்டுல ஒண்ணுதான் வாங்க முடியும்னு நின்னிய. நான்தான பெட்டிய எடுங்கன்னேன். அதுல பாதி என் சேல."

எனக்குச் சுத்தமாக நினைவில்லை. சேலை நீலமா என்பதுகூட. ஆனால் அவள் பொய் சொல்ல மாட்டாள்.

ஜூன் 29, சனி

கேப்டனிடமும் நூர்தீனிடமும் சொன்னேன். கேப்டன் தன் சுருட்டை அணைத்துவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டார். பிறகு, முந்தாநாள் வாங்கிய இரண்டு டொமினிகனையும் திருப்பித் தருவேன் என்று அடம்பிடித்தார். அது முந்தாநாள் அல்ல, இரண்டு வாரம் ஆகிவிட்டது, மதியம் எப்போதோ தாண்டிவிட்டது என்று நூர்தீன் சொன்ன பிறகுதான் அடங்கினார்.

பிரீசரில் இருந்ததையெல்லாம் மேசையில் பரப்பினேன். முதலில் யாரும் தொடவில்லை. பிறகு வழக்கமான பேச்சு ஆரம்பித்தது. ஆனால் தலைகீழாக. நூர்தீன் ஒரு சுருட்டுக்குத் துபாய் பேரீச்சம்பழப் பெட்டி தருகிறேன் என்றான், நான் அது அதிகம் என்றேன். கேப்டன் தன் பைனாகுலரைத் தருகிறேன் என்றார், நான் ரொம்ப அதிகம் என்றேன். அவர் கோபப்பட்டார்.

"முப்பது வருசம் உலகம் சுத்துனேன். வாங்குறவன் கூடத் தாரேங்கான், கொடுக்கவன் குறைச்சுக் கொடுங்கான். இப்படி ஒரு துறைமுகத்த நான் பாத்ததில்லடே."

கடைசியில் பேரீச்சம்பழம் சரி, பைனாகுலர் வேண்டாம், அதற்குப் பதில் கேப்டனின் பழைய கப்பல் படம் ஒன்று என்று முடிந்தது.

கொழும்புப் பெட்டி மிச்சம். பியூலாவின் சேலைக் கணக்கைச் சொன்னேன். மூவரும் சிரிக்கவில்லை. அதை நியாயமான கணக்காகவே எடுத்துக்கொண்டார்கள்.

கந்தவேல் எழுந்து போய்க் கொட்டகை வாசலில் நின்றான். வெளியே உப்புப் பாத்திகள் வெள்ளையாகக் கண்ணைக் கூசவைத்தன.

"ரோட்டோரம் அந்தக் கடைசிப் பாத்தி தெரியுதா? மழ வார வரைக்கும் அதுல விளையிறது உனக்கு."

"ஒரு பாத்தியா? ஏல, மூட்ட மூட்டயா வருமே. பாதி போதும்."

"பாதிப் பாத்திக்கு நடுவுல வரப்பு எவன் போடுவான்? முழுசா எடு."

"அது ஞாயமில்ல. பெட்டில மிச்சம் இருக்கது கொஞ்சம்தான்."

"எனக்கு அது கொஞ்சம் இல்ல. நான் எத்தன வருசமா அதுக்கு ஏங்குறேன்னு உனக்குத் தெரியுமா? நீ சேதம் பாக்கவன், உனக்கு என் ஆசை எப்படித் தெரியும்? அதுக்கு விலைய நான்தான் சொல்லணும்." திரும்பினான். "ஒரு கண்டிசன். ஆள் விடமாட்டேன். உப்ப நீயே வாரணும்."

"நானா?"

"ஆமா. புகையில்லாம சும்மா வந்து உக்காந்து வேடிக்க பாக்கச் சொன்னா ரெண்டு வாரம் வருவ. பெறகு கப்பல் வந்துட்டு, கல்யாணம் வந்துட்டும்ப. பாத்தி காய்ஞ்சிட்டுன்னா வந்துதான ஆகணும்."

கேப்டனும் நூர்தீனும் வேறு பக்கம் பார்த்தார்கள். நான் கையை நீட்டினேன். கந்தவேல் பிடித்துக் குலுக்கினான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் பியூலா கொஞ்ச நேரம் யோசித்தாள். "சேலைக்கும் சேத்துத்தான?" என்றாள். சேர்த்துத்தான் என்றேன். "அப்ப சரி."

ஜூன் 30, ஞாயிறு

மதியம் தாண்டியது. யாரும் திருப்ப வரவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

சாப்பிட்ட பிறகுதான் கஷ்டம். கை தானாகப் பைக்குப் போகிறது. கிராம்பு மென்றேன். தெருவில் யாரோ பீடி குடித்துப் போனார்கள், அந்த வாசனைக்குப் பின்னால் முக்கு வரை நடந்தேன். காய்கறி வாங்கப் போனதாகச் சொல்லி வெண்டைக்காயோடு திரும்பினேன். வீட்டில் ஏற்கெனவே வெண்டைக்காய் இருந்தது.

ஜூலை 6, சனி

இன்று முதல் தடவை உப்பு வாரினேன். நீளக் கம்பின் நுனியில் பலகை. பார்த்தால் சுலபம். அடியில் சேறு கலங்காமல் உப்பை மட்டும் இழுக்க வேண்டும். நான் இழுத்ததில் பாதி சேறு. கந்தவேல் வரப்பில் நின்று, "இது உப்பா, ரவா கேசரியா?" என்றான். அவன் அளத்தில் வேலை பார்க்கும் பெண்கள் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கந்தவேல் என் பெட்டியிலிருந்து முதல் சுருட்டை எடுத்துப் பற்றவைத்தான். என் முகத்தைப் பார்க்காமல் கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்து குடித்தான். எப்படி இருக்கிறது என்று நான்தான் கேட்டேன். "உள்ளதச் சொல்லவா, பொய் சொல்லவா?" என்றான். உள்ளதைச் சொல் என்றேன்.

"இதுக்கு ரெண்டு பாத்தி கொடுத்திருக்கணும்."

உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். நன்றாகத் தூங்குவேன்.

ஜூலை 13, சனி

இந்தத் தடவை உப்பு வெள்ளையாக வந்தது. கந்தவேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதே அவன் பாராட்டு.

கேப்டனும் நூர்தீனும் புதிதாக ஏதோ ஒன்றை மாற்றிக்கொள்ள முட்டிக்கொண்டு வரப்புக்கே வந்துவிட்டார்கள். முழங்கால் சேறோடு நின்று இரண்டையும் முகர்ந்து சொன்னேன். ஒன்றுக்கு ஒன்று, கூடக் குறைய இல்லை. "உனக்கு இப்ப எந்தப் பக்கமும் ஆசை இல்ல, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் கேப்டன். ஆசை இல்லை என்று அவருக்கு யார் சொன்னது?

ஜூலை 17, புதன்

ஒரு மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மற்றதைக் கந்தவேல் தன் உப்போடு சேர்த்து அனுப்பிவிடுவான். "இத வச்சு நான் என்ன செய்ய? ஊருக்கே ஊறுகா போடவா?" என்றாள் பியூலா. மாங்காய் ஊறுகாய் போட்டாள், சாளை மீனுக்கு உப்பிட்டு மாடியில் காயவைத்தாள், மிச்சத்தைத் தெருவில் வீடு வீடாகக் கொடுத்தாள். கொடுக்கும் இடத்திலெல்லாம் "எங்க வீட்டுக்காரர் வாருன உப்பு" என்று சொல்லியிருக்கிறாள். எதிர்வீட்டு டீச்சர் என்னைத் தெருவில் நிறுத்தி, வேலை போய்விட்டதா என்று மெதுவாகக் கேட்டார்.

பல் டாக்டரிடமும் காட்டினேன். திட்டு கொஞ்சம் மங்கியிருக்கிறதாம். "நிஜமாவே விட்டுட்டீங்க போலிருக்கே சார்," என்றார். முதல் தடவையாகச் சிரித்தார்.

ஜூலை 27, சனி

நேற்றுப் பனிமய மாதா கோயிலில் கொடியேறியது. ஊரே வெளியூர்க்காரர்களால் நிறைந்திருக்கிறது. இன்று சாயங்காலம் கூட்டத்துக்குப் பயந்து கோயிலுக்குப் போக வேண்டாம் என்று நினைத்தோம். நான் முள்ளக்காட்டுக்குக் கிளம்பினேன். "இருங்க, நானும் வாரேன்," என்றாள் பியூலா. கொட்டகைப் பக்கம் அவள் வந்ததே கிடையாது. நாற்றம் என்பாள்.

அவளைப் பார்த்ததும் கேப்டன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி சுருட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். முதுகுக்குப் பின்னாலிருந்து புகை வந்தது.

"குடிங்கண்ணே. எனக்கென்ன," என்றாள் பியூலா. நூர்தீன் துண்டால் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

நானும் அவளும் பாத்திக்குப் போனோம். செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு அவளே பலகையை வாங்கினாள். முதல் இழுப்பிலேயே சேறில்லாமல் வந்தது. பின்னாலேயே வரப்புக்கு வந்து நின்ற கந்தவேல் சொன்னான்: "ஏல, மூணு வாரம் நீ என்னத்தப் படிச்ச?"

ஒரு சின்னக் குவியல் சேர்ந்தது. சூரியன் இறங்க, குவியல் முதலில் மஞ்சளாகவும் பிறகு ரோஜா நிறமாகவும் தெரிந்தது. பியூலா ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தாள். "கரிக்குது," என்றாள், ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தவள் போல.

கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தோம். கந்தவேல் கொழும்புப் பெட்டியைத் திறந்து, கேப்டனுக்கும் நூர்தீனுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தான். பதிலுக்கு என்ன என்று அவர்கள் கேட்டதற்கு, "திருவிழால்லா, பேசாம குடிங்க" என்றான். மூன்று பேரும் பற்றவைத்தார்கள்.

காற்று திரும்பியது. புகை நேராக எங்கள் முகத்துக்கு வந்தது. பியூலா எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் காற்று வரும் பக்கமாகப் போட்டுக்கொண்டாள். என்னைக் கூப்பிடவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் கொஞ்ச நேரம் இருந்த இடத்திலேயே இருந்தேன். சும்மா சொல்லக் கூடாது, அருமையான புகை.

பிறகு என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் போட்டேன்.